மறுமணக் குடும்பம்: களைப்பும் கைம்மாறும்

தமிழ்நாட்டில் மறுமணம் பற்றிய பேச்சு தாலி ஏறும் நேரத்தோடு முடிந்துவிடுகிறது. 1856இல் விதவை மறுமணச் சட்டம் வந்ததைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். சுயமரியாதை மேடைகளில் நடந்த கைம்பெண் மணங்களைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் உள்ள திட்டத்தின் கீழ் விதவை மறுமணத்துக்கு மாநில அரசு பணமும் தாலிக்குத் தங்கமும் தருகிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் மணமக்களில் ஒருவருக்கோ இருவருக்குமோ ஏற்கெனவே பிள்ளைகள் இருந்தால் கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது, ஐந்து வருடம் கழித்து என்ன நடக்கிறது என்று யாரும் அக்கறையாகக் கேட்பதில்லை. கேட்டாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று கொடுமைக்காரச் சித்தி. மற்றொன்று பெற்றவளையும் மிஞ்சிய தெய்வத்தாய். இரண்டும் சினிமாவுக்கு உதவும், வீட்டுக்கு உதவாது.

இந்த வீடுகளில் வேலை அதிகம், பணம் பற்றாது, மனத்தாங்கலுக்குக் குறைவில்லை. ஆனால் ஆய்வுகளைப் படித்தாலும் அக்கம்பக்கத்து வீடுகளைப் பார்த்தாலும் எனக்குப் படுவது ஒன்றுதான்: ஆளை அடித்துப்போடுவது அவசரம். ‘சீக்கிரம் ஒரே குடும்பமாக ஆகிவிட வேண்டும்’ என்று எல்லோரும் துடிக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களைவிட வெளியே நிற்பவர்கள் அதிகம் துடிக்கிறார்கள். கைம்மாறு கிடைக்கிற வீடுகளைப் பார்த்தால், அங்கே யாரோ ஒருவர் இந்த அவசரத்தைக் கைவிட்டிருக்கிறார்.

பிள்ளைகளை மறந்த சீர்திருத்தம்

1856 சட்டத்தின் உட்பிரிவுகளை இப்போது படித்தால் அந்தக் காலத்து எண்ணம் விளங்கும். மறுமணம் செய்துகொள்ளும் விதவைக்கு இறந்த கணவர் வழியாக வந்த சொத்துரிமை போய்விடும் என்றது 2ஆம் பிரிவு. பிள்ளைகளுக்கு வேறு காப்பாளரை நியமிக்கச் சொல்லி இறந்தவரின் உறவினர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றது 3ஆம் பிரிவு. மறுமணம் செய்பவள் பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு புது வீட்டுக்குள் நுழைவாள் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. சட்டத்துக்கு வெளியே, ‘அறுத்துக் கட்டும்’ வழக்கம் இருந்த உழைக்கும் சாதிகளில் பெண்கள் மறுமணம் செய்துகொண்டுதான் இருந்தார்கள். அங்கேயும் பிள்ளைகள் பெரும்பாலும் தகப்பன் வழியிலேயே தங்கிவிடுவார்கள். ஆணுக்கு அந்தச் சிக்கலே கிடையாது. சென்னை மாகாணத்தில் 1949இல் இருதாரத் தடைச் சட்டம் வரும்வரை, இந்து ஆண் மூத்தாள் உயிரோடு இருக்கும்போதே இளையாளைக் கொண்டுவரலாம். ஆக, மாற்றாந்தாய் நமக்குப் பழக்கப்பட்டவள். பிள்ளையோடு வரும் மணப்பெண்ணும், மனைவியின் பிள்ளையைத் தோளில் தூக்கும் ஆணும்தான் நமக்குப் புதியவர்கள்.

இப்படிப்பட்ட குடும்பங்கள் எத்தனை என்று நம் கணக்கெடுப்புகள் தனியாகச் சொல்வதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் கணவனை இழந்த பெண்கள் சுமார் 4.3 கோடி. மணவிலக்குப் பெற்றவர்கள் 13 லட்சத்துக்கு மேல். மணவிலக்கு வாங்காமலே பிரிந்து வாழ்கிறவர்கள் அதைப்போல் இரண்டரை மடங்கு. இவர்களில் ஒரு பகுதியினர் மறுமணம் செய்துகொண்டாலே வீடுகளின் எண்ணிக்கை சிறிதாக இருக்காது. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2011இல் வெளியிட்ட கணிப்பில், வயதுவந்தோரில் 42 விழுக்காட்டினர் தங்களுக்கு மறுமண வழி உறவு குறைந்தது ஒன்றாவது இருப்பதாகச் சொன்னார்கள்.

ஒரு காலைப் பொழுது

ஈரோட்டில் எனக்குப் பழக்கமான ஒரு வீடு. அந்த வீட்டுக்காரரின் முதல் மனைவி இறந்துபோனார்; பத்தாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் இரண்டு பெண்கள். அவர் மனைவிக்கு முதல் திருமணம் மணவிலக்கில் முடிந்தது. ஏழாம் வகுப்பில் ஒரு பையன். இருவருக்கும் பொதுவாக இரண்டு வயதில் ஒரு குழந்தை. அந்த அம்மாள் தனியார் பள்ளியில் ஆசிரியை. காலை ஐந்து மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் ஏழே முக்காலுக்கு வேன் வருவதற்குள் மூன்று டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். மூத்தவளுக்குத் தேங்காய் அரைத்து ஊற்றினால் ஆகாது, அவள் அம்மா அப்படிச் செய்ததில்லை. பையனுக்குத் தயிர்சாதமும் மாவடுவும் இருந்தால் போதும். சின்னவளுக்கு இரட்டைச் சடை பின்ன வேண்டும். அதில் வகிடு கோணினால் அழுகை வரும், அந்த அழுகை வகிடுக்காக மட்டும் இல்லை என்று அந்த அம்மாளுக்குத் தெரியும். இதற்கிடையில் போன் அடிக்கும். பெண்களின் அம்முச்சி, அதாவது அவர்கள் அம்மாவைப் பெற்றவர். “சோறு நல்லாப் போடறாளா கண்ணு?” என்று ஸ்பீக்கரில் கேட்பது அடுப்படிவரை கேட்கும்.

சனிக்கிழமை இன்னும் மோசம். நீதிமன்ற உத்தரவுப்படி பையனை அவனுடைய அப்பா வந்து கூட்டிப்போவார். அன்று மாலை அவன் பீட்சாவும் புது ஷூவுமாகத் திரும்பும்போது, இந்தப் பெண்கள் இருவரும் கதவு ஓரமாக நின்று பார்ப்பார்கள். தங்களைக் கூட்டிப்போக யாரும் வர முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஷூவை அலமாரியில் எங்கே வைப்பது என்பது வரைக்கும் அந்த அம்மாள் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நான்கு பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் காலை ஐந்து மணி இப்படித்தான் இருக்கும் என்று சொல்லலாம். ஓரளவு உண்மைதான். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. ஆண்களுக்கு 88 நிமிடம். அது எல்லா வீட்டுக்கும் பொதுவான பாரம். மறுமண வீட்டில் இதற்கு மேல் இன்னொரு வேலை சேர்கிறது, அது எந்தக் கணக்கெடுப்பிலும் வராது. நாள் முழுக்க மனதுக்குள் ஒரு தராசைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அந்த வேலை. தன் பையனுக்கு இரண்டு ஆம்லெட் வைத்தால் மற்றவர்களுக்கு எத்தனை? அவனைத் திட்டினால் யாரும் கேட்கமாட்டார்கள். மூத்தவளிடம் “போனை வை” என்று சொல்ல நான்கு தரம் யோசிக்க வேண்டும். சொன்னால் ‘சித்தி கொடுமை’. சொல்லாவிட்டால் ‘அவளுக்கென்ன, பெத்த பிள்ளையா?’ பெற்ற தாய் கோபத்தில் முதுகில் ஒன்று வைத்துவிட்டு அரைமணி நேரத்தில் மறந்துவிடலாம். இவருக்கு அந்தச் சலுகை கிடையாது. களைப்பின் பெரும்பகுதி இந்தக் கண்காணிப்பில் வருவது: பிறர் தன்னைக் கண்காணிப்பதும், அதனால் தன்னைத் தானே கண்காணித்துக்கொள்வதும்.

மாற்றாந்தந்தைக்குச் சோதனை வேறு மாதிரி. மனைவியின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினாலே ஊர் அவரைப் புகழும். அதே செயலைச் சித்தி செய்தால் கடமை. மாற்றாந்தாய்கள் மாற்றாந்தந்தைகளைவிட அதிக மனஅழுத்தத்தைச் சொல்கிறார்கள் என்பது மேலைநாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது. நம் வீடுகளைப் பார்த்தால் இதற்கு ஆய்வே தேவையில்லை.

ஆய்வாளர்கள் சொல்வது

1978இல் ஆண்ட்ரூ செர்லின் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். மறுமணம் முற்றுப்பெறாத ஓர் அமைப்பு என்பது அவர் வாதம். முதல் மணத்தில் யார் யாரை எப்படி அழைப்பது, யாருக்கு யாரைக் கண்டிக்கும் உரிமை, யார் சொத்து யாருக்கு என்பதற்கெல்லாம் சமூகம் ஆயத்தமான விடை வைத்திருக்கிறது. பிள்ளைகளோடு மறுமணம் செய்தவர்கள் ஒவ்வொன்றையும் தாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் உரசல் அதிகம் என்றார். அவர் சொன்னதில் பின்னாளில் பலர் குறை கண்டார்கள். ஆனாலும் ஈரோட்டு வீட்டில் ஷூ வைக்க இடம் தேடுவதை இதைவிட நன்றாக விளக்கும் கருத்து எனக்குத் தெரியாது.

மேவிஸ் ஹெதரிங்டன் வர்ஜீனியாவில் பல பத்தாண்டுகள் சுமார் 1,400 குடும்பங்களைப் பின்தொடர்ந்தார். 2002இல் அவர் எழுதிய நூலில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. மணவிலக்கு, மறுமணம் கண்ட வீடுகளின் பிள்ளைகளில் 20 முதல் 25 விழுக்காட்டினருக்குக் கடுமையான சிக்கல்கள் இருந்தன. பெற்றோர் பிரியாத வீடுகளில் இது 10 விழுக்காடு. பயமுறுத்த நினைப்பவர்கள் ‘இரண்டு மடங்கு’ என்பார்கள். மறுபக்கம் பார்த்தால், நான்கில் மூன்று பிள்ளைகள் ஒழுங்காகவே வளர்ந்துவிட்டார்கள். இரண்டாவது செய்தி, காலம். இப்படிப்பட்ட குடும்பம் நிலைகொள்ள ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகின்றன. பதின்வயதைத் தொடும் பெண்பிள்ளை வீட்டில் இருந்தால் இன்னும் சிரமம். குறிப்பாக, அம்மாவோடு தனியாக இருந்து பழகிய பெண்ணுக்கு நடுவில் வந்த ஆணை ஏற்பது எளிதில் ஆகாது. மறுமணமான மூன்றாம் மாதமே “அம்மான்னு கூப்பிடுறானா?” என்று விசாரிக்கும் நம் சொந்தபந்தங்கள் இந்த ஐந்து, ஏழு என்ற எண்களைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

பெட்ரீசியா பேப்பர்னோ என்ற உளவியலாளர் இந்தக் குடும்பங்களைப் பற்றி 1993இலும் 2013இலும் நூல்கள் எழுதியவர். அவர் காட்டும் முதல் சிக்கல், உள்ளே இருப்பவருக்கும் வெளியே நிற்பவருக்கும் இடையிலானது. பெற்றவரும் பிள்ளையும் வருடக்கணக்காகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள். அவர்களுக்குள் ஒரு பார்வையே போதும். புதிதாக வந்தவர் அந்த வட்டத்துக்கு வெளியே. வெளியே இருப்பவருக்கு ஒதுக்கப்பட்ட வலி, உள்ளே இருப்பவருக்கு இரு பக்கமும் இழுபடும் வலி. இருவரும் தங்கள் வலிதான் பெரிது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். கண்டிக்கும் வேலையைப் பெற்றவர் கையிலேயே விட்டுவிட்டு, புதியவர் முதலில் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளட்டும் என்பது அவருடைய அறிவுரை. மிசோரியில் லாரன்ஸ் கனாங், மரிலின் கோல்மன் தம்பதியர் செய்த ஆய்வுகளும் இதையொட்டியே போகின்றன. பிள்ளைக்குப் பிடித்ததைச் சேர்ந்து செய்து நட்பைத் தேடிக்கொண்ட மாற்றாந்தந்தைகளுக்கு உறவு கைகூடியது. வந்ததுமே சட்டம் போட்டவர்களுக்குக் கைகூடவில்லை.

தகப்பன் எங்கே?

இதைச் சொல்ல நமக்கு வர்ஜீனியாவும் மிசோரியும் தேவையா என்று தோன்றுகிறது. ‘தாய் செத்தால் தகப்பன் சித்தப்பன்’ என்று நம் ஊர்ப் பாட்டிகள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். இந்தப் பழமொழி சித்தியை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, விரலைத் தகப்பன் பக்கம் நீட்டுகிறது. பிள்ளைக்கும் புது மனைவிக்கும் நடுவில் நிற்க வேண்டியவர், “நீங்களே பார்த்துக்கோங்க” என்று செய்தித்தாளை விரித்துக்கொண்டால் அந்த வீட்டில் சித்திக்கு மிஞ்சுவது போலீஸ் வேலை. மூத்தவளிடம் போனை வாங்கி வைக்க வேண்டியவர் அப்பா. அம்முச்சியிடம் “அத்தை, இனிமேல் அப்படிக் கேட்காதீங்க” என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான். இந்த ஒன்றைச் செய்யும் வீடுகளில் களைப்பு பாதியாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன். செய்யாத வீடுகளில் கடைசியில் பழி சித்தி தலையில்தான் விடிகிறது.

நம் கதைகளும் நாம் நினைப்பதைவிட நுட்பமானவை. கைகேயி என்றதும் வரம் கேட்ட இரவு மட்டும் நினைவுக்கு வருகிறது. ஆனால் மந்தரை வந்து கொளுத்திப்போடும்வரை அவள் இராமனைத் தன் பிள்ளையாகத்தான் வளர்த்தாள். அவனுக்கு முடி என்று கேட்டதும் முதலில் மகிழ்ந்தவள் அவள். நச்சுப்பொய்கையில் தம்பிமார் நால்வரும் செத்துக்கிடக்க, ஒருவனை மட்டும் எழுப்பித் தருகிறேன் என்றபோது தருமன் பீமனையோ அருச்சுனனையோ கேட்கவில்லை; நகுலனைக் கேட்டான். குந்திக்குத் தான் ஒருவன் இருக்கிறேன், மாத்ரிக்கும் ஒரு பிள்ளை இருக்கட்டும் என்பது அவன் கணக்கு. மாற்றாந்தாய்ப் பிள்ளைகளுக்குள் நியாயம் பற்றி இதைவிடக் கூர்மையான கதை எந்த மொழியிலும் இருக்குமா என்பது சந்தேகம். திரைக்கு வந்தால், 1966இல் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் எடுத்த ‘சித்தி’யில் பத்மினி, பிள்ளைகள் நிறைந்த வீட்டுக்கு இரண்டாந்தாரமாக வாக்கப்பட்டு வருவார். 1999இல் அதே பெயரில் வந்த ராதிகாவின் தொடர் வீடுகளைக் கட்டிப்போட்டது. கொடுமைக்காரி பிம்பத்தை இவை உடைத்தன, சரி. ஆனால் அந்த இடத்தில் தியாகச் சுடரை வைத்தன. நிஜத்தில் ஒருத்தி சலித்துக்கொண்டால், ‘பத்மினி மாதிரி இல்லையே’ என்று ஒப்பிட ஓர் அளவுகோல் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆபத்து பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கனடாவில் மார்ட்டின் டேலியும் மார்கோ வில்சனும் 1980களில் தொடங்கிச் செய்த ஆய்வுகளில், மாற்றுப் பெற்றோர் வீட்டில் சிறு குழந்தைகள் மீதான வன்முறை பல மடங்கு அதிகம் என்று கண்டார்கள். சுவீடன் தரவுகளை வைத்து 2000இல் வந்த ஓர் ஆய்வு அப்படி வேறுபாடு இல்லை என்றது. விவாதம் தீரவில்லை. மறுமணத்துக்கு வரன் பார்க்கும் தாய், வருகிறவர் குழந்தையிடம் எப்படிப் பழகுகிறார் என்பதைச் சம்பளத்தைவிட முதலில் பார்க்க வேண்டும் என்ற அளவில் இந்த எச்சரிக்கை போதும். சின்னப் பிள்ளை ஒருவரிடம் போக மறுத்தால் “மரியாதை தெரியலை” என்று அதட்டாமல் ஏன் என்று கேட்க வேண்டும்.

யார் மாமன், யாருக்குப் படையல்

மேலைநாட்டு நூல்களில் இல்லாத சிக்கல்கள் நம் வீடுகளில் சில உண்டு. அவற்றில் முதன்மையானது தாய்மாமன். காதுகுத்தில் யார் மடியில் பிள்ளையை உட்கார வைப்பது? பெண் பெரியவளானால் பச்சை ஓலை கட்டுவது யார், சீர்த்தட்டு யார் வீட்டிலிருந்து வரும்? இறந்துபோன தாயின் தம்பிக்குத்தான் முறை. ஆனால் அக்காள் இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்துவிட்டாள் என்ற கோபத்தில் அவர் வாசல் மிதிக்காமல் இருப்பார். புது மனைவியின் தம்பி சீரோடு வந்தால் அது உரிமைக் கொள்ளை என்பார்கள், வராவிட்டால் பாராமுகம் என்பார்கள். விவரமானவர்கள் இதை இரண்டு தட்டில் முடித்துவிடுகிறார்கள்: பழைய மாமனை வீடு தேடிப்போய் அழைத்து முதல் தட்டு அவருக்கு, அடுத்தது இவருக்கு. பிள்ளைக்கு இரண்டு மாமன் கிடைத்ததில் யாருக்கு என்ன நஷ்டம்?

அடுத்தது, சுவரில் மாலையோடு தொங்கும் படம். அதை எடுத்துவிடு என்று சொல்லும் உறவினர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். எடுத்துவிட்டால் பிள்ளைகள் அந்த நாளை வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டார்கள். இதில் நம் மரபு முட்டாள்தனமாக இல்லை. சுமங்கலியாக இறந்தவளைப் பூவாடைக்காரி என்று வழிபடுவது வடதமிழ்நாட்டில் பல வீடுகளில் வழக்கம். சுமங்கலிப் பிரார்த்தனை செய்யும் குடும்பங்களிலும் மூத்தாளுக்கு இளையாள் புடவை வைத்துக் கும்பிடுவது உண்டு. ஈரோட்டு வீட்டில் திதியன்று அந்த அம்மாள் இலை போட்டு, இறந்தவருக்குப் பிடித்த பால் பணியாரம் வைத்து, விளக்கேற்றும் வேலையை மூத்த பெண்ணிடம் விட்டுவிடுவார். பணியாரத்தின் பக்குவத்தை எங்கே கேட்டுத் தெரிந்துகொண்டார் என்று விசாரித்தேன். அம்முச்சியிடம்தான். சோறு போடறாளா என்று கேட்கும் போன் அழைப்புகள் அதற்குப் பிறகு குறைந்துவிட்டன என்றும் சொன்னார்.

சட்டம் பாதி வழியில்

வீடு எப்படியோ ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்கிறது. சட்டம் இன்னும் தடுமாறுகிறது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, இயற்கைக் காப்பாளர் என்ற இடத்தில் வரும் தந்தை, தாய் என்ற சொற்கள் மாற்றாந்தந்தையையும் மாற்றாந்தாயையும் குறிக்காது என்று விளக்கக் குறிப்பே எழுதி வைத்திருக்கிறது. பத்து வருடம் சோறு போட்டு வளர்த்தவருக்குச் சட்டத்தின் கண்ணில் காப்பாளர் என்ற இடம் கிடையாது. இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தில் பின்னர் சேர்த்த ஒரு பிரிவின்படி, பெற்றோரின் ஒப்புதலோடோ நீதிமன்ற உத்தரவாலோ மாற்றுப் பெற்றோர் பெற்றோருக்குரிய பொறுப்பைப் பெறலாம். நம்மிடம் அதற்கு நிகராக எதுவும் இல்லை. தத்தெடுக்கும் வழி உண்டு. ஆனால் பெற்ற மற்றொருவர் உயிரோடு இருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும். மணவிலக்கில் முறைத்துக்கொண்டு போனவரிடம் அதை வாங்குவது நடக்கிற காரியமா?

சொத்தில் முரண் இன்னும் வெளிப்படை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பெற்றோர் என்ற சொல்லுக்குள் மாற்றாந்தந்தையையும் மாற்றாந்தாயையும் சேர்த்துக்கொள்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்திலோ மாற்றாந்தந்தை உயில் எழுதாமல் இறந்தால் அவர் வளர்த்த பிள்ளை முதல் வகுப்பு வாரிசு இல்லை. மாற்றாந்தாயின் சொத்தில், அவள் பெற்ற பிள்ளைகளோடு சமமாக மாற்றாந்தாய்ப் பிள்ளை பங்கு கேட்க முடியாது, கணவரின் வாரிசு என்ற வரிசையில்தான் வர முடியும் என்று 1987இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொதுவாகப் பிறந்த கடைக்குட்டிக்கு இரு பக்கமும் பங்கு, கூடவே வளர்ந்த அண்ணனுக்கு ஒரு பக்கம் மட்டும். வீட்டில் யாரும் இதைப் பேசுவதில்லை. பேசினால் பிரித்துப் பார்ப்பதாகிவிடுமாம். உயில் எழுதாமல் போகிறவர்தான் உண்மையில் பிரித்துவிட்டுப் போகிறார்.

வெளிச்சமும் ஒன்று உண்டு. கணவர் இறந்தபின் மறுமணம் செய்த ஆந்திரப் பெண் ஒருவர், பிள்ளைக்குப் புதுக் கணவரின் குடும்பப் பெயரைச் சூட்டினார். ஆவணங்களில் அவர் பெயரை ‘மாற்றாந்தந்தை’ என்றே காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெயரை முடிவுசெய்யும் உரிமை தாய்க்கு உண்டு என்றதோடு, அந்த முத்திரையைப் பிள்ளை மீது குத்துவது கொடுமை என்றும் கண்டித்தது.

கைம்மாறு எப்போது வரும்

1819 டிசம்பரில் சாரா புஷ் என்ற விதவை, தாமஸ் லிங்கன் என்ற தச்சரை மணந்து இந்தியானா காட்டில் இருந்த ஒரு மரக்குடிசைக்கு வந்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள், தாமஸுக்கு இரண்டு, ஒண்டியிருந்த உறவுப் பையன் ஒருவன். ஒற்றைக் குடிசையில் எட்டுப் பேர். மண்தரைக்குப் பலகை போடச் செய்தார், பிள்ளைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டினார், புத்தகத்தை வைத்துக்கொண்டு வேலையைத் தட்டிக்கழிக்கும் பையனைப் படிக்க விடச் சொன்னார். அந்தப் பையன் ஆபிரகாம். குடியரசுத் தலைவராகப் பதவியேற்க வாஷிங்டன் புறப்படுமுன், 1861 ஜனவரி இறுதியில், கடுங்குளிரில் பயணம் செய்து அவர் பார்க்கப்போனது இந்தத் தாயைத்தான். தகப்பனோடு அவருக்கு நெருக்கம் குறைவு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நம் காலத்தில், தமிழ்த் தாய்க்குப் பிறந்த கமலா ஹாரிஸ் 2014இல் டக் எம்ஹாஃபை மணந்தபோது எம்ஹாஃபுக்குப் பதின்வயதில் ஒரு மகனும் மகளும் இருந்தார்கள். அவர்கள் ஹாரிஸை ‘மோமலா’ என்று அழைத்தது ஊரறிந்த செய்தி. அதைவிட முக்கியமான செய்தி வேறு. 2024இல், பிள்ளை பெறாதவர் என்று எதிர்த்தரப்பு அவரைக் கேலி செய்தபோது, பதிலடி கொடுத்தவர்களில் ஒருவர் அந்தப் பிள்ளைகளைப் பெற்ற தாய், டக்கின் முன்னாள் மனைவி. பத்து ஆண்டுகளுக்கு மேலாகத் தங்களோடு சேர்ந்து பிள்ளைகளை வளர்த்தவர் ஹாரிஸ் என்று பகிரங்கமாகச் சொன்னார். பெற்றவளும் வளர்த்தவளும் ஒரே பக்கம் நின்றால் பிள்ளைக்கு எவ்வளவு நிம்மதி! நம் ஊரில் இது நடக்காது என்று நினைக்க வேண்டாம். மணவிலக்கான கணவனின் புது மனைவியிடம் பிள்ளையின் ஆஸ்துமா மாத்திரையை எப்போது தரவேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதும் பெண்கள் இங்கேயும் இருக்கிறார்கள்.

எண்ணிக்கையே பெருமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1961இல் கலிஃபோர்னியாவில் பத்துப் பிள்ளைகளின் தகப்பனும் எட்டுப் பிள்ளைகளின் தாயும் மணந்துகொண்டார்கள். பிறகு இருவர் பிறந்து இருபதானது. 1968இல் ஹாலிவுட் அதை ஒரு சிரிப்புப் படமாக எடுத்துக் கொண்டாடியது. அந்த வீட்டில் வளர்ந்த மகன் ஒருவர் பிற்காலத்தில், படத்தில் காட்டிய இனிமை உள்ளே இல்லை என்று புத்தகமே எழுதினார். வெளியே காட்டும் ஒற்றுமைக்காக உள்ளே விழுங்கச் சொல்லும் வீடுகள் எல்லா நாட்டிலும் உண்டு.

உண்மையான கைம்மாறு சின்னதாக, எதிர்பாராத பக்கத்திலிருந்து வருகிறது. கோவையில் எனக்குத் தெரிந்த ஒரு பையன், மாற்றாந்தந்தையை ஆறேழு வருடம் ‘அங்கிள்’ என்றே கூப்பிட்டான். அவரும் மாற்றச் சொல்லவில்லை. கல்லூரி முதல் வருடம் பைக்கில் சறுக்கி விழுந்து முழங்கை பெயர்ந்தபோது அவன் முதலில் போன் போட்டது அவருக்கு. “அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்க, அழுவாங்க” என்றானாம். ஆஸ்பத்திரிக்குப் போன வழியில் தனக்குக் கண் மறைத்தது என்று அவர் என்னிடம் சொன்னார். அவன் இன்றைக்கும் அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறான். ஈரோட்டு வீட்டில் பத்தாம் வகுப்புப் பெண், ஏழாம் வகுப்புப் பையனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள். சண்டை வந்தால் இருவரும் சேர்ந்து கடைக்குட்டியை முன்னே தள்ளி அப்பாவிடம் சமாதானம் கேட்க வைக்கிறார்கள். அந்தக் கூட்டணியை எந்தப் பெரியவரும் உண்டாக்கவில்லை. பெரியவர்கள் செய்தது, ‘நீங்கள் அக்கா தம்பி, பாசமாக இருக்க வேண்டும்’ என்று பிரசங்கம் பண்ணாமல் இருந்ததுதான்.

ஆகவே மறுமணத்துக்கு மண்டபம் பிடிக்கும்போதே மூன்று வேலைகளை முடித்துக்கொள்வது நல்லது: இருவரும் உயில் எழுதுவது, அவரவர் பிள்ளையைக் கண்டிப்பது அவரவர் பொறுப்பு என்று பேசி வைத்துக்கொள்வது, அழைக்கும் பெயரைப் பிள்ளையிடமே விட்டுவிடுவது. நாடாளுமன்றம் செய்ய வேண்டியது தனி. வளர்த்தவருக்குச் சட்டப்படி ஓர் இடமும், வளர்ந்த பிள்ளைக்கு ஒரு பங்கும் கிடைக்கும்படி 1956ஆம் ஆண்டுச் சட்டங்களைத் திருத்த வேண்டும். மொய் எழுதிவிட்டு வந்த உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். “அம்மான்னு கூப்பிடுறானா?” என்று கேட்பதை விட்டுவிடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை, உங்கள் இரத்தத்தை மட்டும் பொறுக்கி எடுக்காமல் எல்லோரையும், உங்கள் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டு அனுப்புங்கள். அன்று மத்தியானம் அந்தத் தாயும் தகப்பனும் இரண்டு மணி நேரம் தூங்கட்டும்.